கிளெண்டாவின் சிவப்புக் காரும் பத்து மான்களும்

கிளெண்டா வாஸ்கோ தன் ஐம்பத்தொன்பதாவது வயதில், இரண்டே இருக்கை உள்ள, கூரை மடங்குகிற பந்தயக் கார் மாதிரி ஒன்றை வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் ஷெட்டில் சிரிக்காத ஆள் கிடையாது. நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். ஏனென்றால், அந்தக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய இளிச்சவாயன் நான்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிரையர் ஃபால்ஸ் பள்ளிகளின் பஸ் ஷெட்டில் எனக்கு இருபத்திரண்டு வருஷ மெக்கானிக் வேலை. இருபத்தாறு மஞ்சள் பஸ்கள் என் பொறுப்பு. அது போதாதென்று டிரைவர்கள் ஒவ்வொருவருடைய சொந்த வண்டியும் என் தலையில்தான் விடியும். "மார்வ், சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லேன்" என்பார்கள். அந்தப் பார்வைக்கு என் சனிக்கிழமை முழுவதும் போய்விடும்.

கிளெண்டா பதினோராம் எண் பஸ்ஸை இருபத்தெட்டு வருஷமாக ஓட்டுகிறாள். ஆள் குட்டை. தோள் அகலம். குரல் பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் போகும், மைக் வேண்டாம். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓஹியோவின் இந்த மூலையில் ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டுகிற பனியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன பெரிய காரியம் என்று விளங்கும்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு அந்தக் கார்?" என்று கேட்டேன்.

"இருபத்தெட்டு வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி அம்பத்திரண்டு பேர் மார்வ். ஒருத்தன் வாந்தி எடுப்பான். ஒருத்தி அழுவா. ஒருத்தன் அடுத்தவன் தொப்பியப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசுவான். எனக்குப் பின் சீட்டே இல்லாத வண்டி ஒண்ணு வேணும். அவ்வளவுதான்."

நியாயமான காரணம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் புருஷன் எர்வின் மூடவில்லை. ஜல்லி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறடி மூன்றங்குலம். "அந்த சோப்பு டப்பாவுல நான் ஏறணும்னா என்னை மடிச்சுத்தான் வைக்கணும்" என்று காபிக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க ஏறணும்னு யாரு அழுதா? அதுல ரெண்டாவது சீட்டு என் கைப்பைக்கு" என்று கிளெண்டா திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரலில் நானும் அவளும் காரைப் பார்க்கப் போனோம். விற்கிறவன் பல் வைத்தியரிடம் வேலை பார்க்கும் ஒரு இளைஞன், பெயர் டிரென்ட். வாசலில் அவன் மனைவி இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கார் நிஜமாகவே வீட்டை விட்டுப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் விற்கிறாய் என்று கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கார் இருபத்தைந்து வயது ஜப்பான்காரி. சிவப்பு. ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் மைல் ஓடியிருந்தது. கூரை கறுப்புத் துணி, அதன் பின்பக்க ஜன்னல் கண்ணாடி இல்லை, மெல்லிய பிளாஸ்டிக். நான் காந்தத்தையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். எங்கள் பக்கத்தில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். பழைய காருக்கு அந்த உப்புதான் எமன். கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டில் காந்தத்தை வைத்துக்கொண்டே போனேன். ஓட்டுகிறவர் பக்கம், பின்சக்கரத்துக்கு முன்னால், காந்தம் பிடிக்காமல் பொத்தென்று விழுந்தது. அங்கே இரும்பே இல்லை. துரு தின்ற ஓட்டையைப் பசையால் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

வெளியே வந்து காதோடு சொன்னேன். "வேண்டாம். கிளம்பு. துரு."

"ஓடுமா?"

"ஓடும். என்ஜின் நல்லாத்தான் இருக்கு."

"நிக்குமா?"

"பிரேக் அருமையா இருக்கு."

"அப்புறம் என்னய்யா? நானும்தான் அங்கங்க துருப்பிடிச்சுப் போயிருக்கேன். என்னை யாரு தூக்கிப் போட்டா?"

பிறகு அவள் டிரென்டைப் பார்த்தாள். பேசவில்லை. பஸ்ஸின் மேல் கண்ணாடி வழியாகப் பின்சீட்டுக் குறும்பனைப் பார்க்கிற பார்வை அது. அந்தப் பார்வைக்கு எட்டாம் வகுப்புத் தடியன்களே தாங்களாக எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூவாயிரத்து எண்ணூறு டாலர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். "மூவாயிரத்து ஐந்நூறுன்னா பரவால்ல" என்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தத் தகடு விஷயம் எனக்கும் தெரியும்... சரி, மூவாயிரத்து முந்நூறு." வாசலிலிருந்து மனைவி, "குடுத்துத் தொலையேன் டிரென்ட்!" என்று கத்தினாள். இன்னொரு நூறும் போயிற்று. கிளெண்டா அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. நான் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

வரும் வழியில் அவளுக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று, கூரையை மடக்குவதற்கு முன்னால் பின்ஜன்னலின் ஜிப்பைத் திறந்து பிளாஸ்டிக்கைப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் கிழியும். இரண்டு, நல்ல குளிரில் அதைத் தொடவே கூடாது. மூன்று, இருக்கைக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் மழைத் தண்ணீர் இறங்க ஓட்டை இருக்கிறது, அதில் இலை அடைத்தால் கையால் எடு, கம்பியை விட்டுக் குத்தாதே. கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மே மாதமே துணி மாட்டுகிற கம்பியை நிமிர்த்தி ஓட்டைக்குள் விட்டுக் குத்தினாள். உள்ளே இருந்த குழாய் கழன்று, அடுத்த மழைக்கு இருக்கைக்கு அடியில் மீன் வளர்க்கலாம் போலத் தண்ணீர். "இலைதானே மார்வ், குத்தினா போயிடும்னு நெனச்சேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்தும் கம்பளத்தைப் பிடுங்கி என் ஷெட்டில் காயப்போட்டேன்.

இதையெல்லாம் சொன்னாலும், அந்தக் காரில் அவளைப் பார்ப்பது ஒரு கண்கொள்ளாக் காட்சி. பனி முழுசாக விலகாத ஏப்ரலிலேயே கூரையைத் திறந்துவிட்டாள். காது மூடுகிற வேட்டைத் தொப்பி, கம்பளிக் கையுறை, காலடியில் ஹீட்டர் முழு வேகத்தில். "மேல ஐஸ்கிரீம், கீழ சூப்" என்பாள். இந்த ரகக் கார் வைத்திருப்பவர்கள் எதிரே வந்தால் ஒருவருக்கொருவர் கையசைப்பது வழக்கம். அது ஒரு கூட்டம். முன்பின் தெரியாத டாக்டரும் கல்லூரிப் பையனும் இவளுக்குக் கையசைத்தார்கள். ஆனால் அவளோ பஸ் டிரைவர். எதிரே வருகிற எல்லோருக்கும் கையசைத்துப் பழகியவள். குப்பை லாரிக்கும் அசைத்தாள், சவ ஊர்வலத்துக்கும் அசைத்தாள்.

காலையில் அவள் அதைப் பதினோராம் எண் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். பஸ்ஸின் டயர் உயரத்துக்குக்கூடக் கார் வராத மாதிரி இருக்கும். ஒருநாள் சுற்றுலாவுக்காகப் பிள்ளைகளை ஷெட்டிலிருந்தே ஏற்றியபோது ஒரு மூன்றாம் வகுப்புப் பெண், "மிஸ் கிளெண்டா, உங்க பஸ் குட்டி போட்டிருக்கு!" என்று கூவினாள். அன்றிலிருந்து ஷெட்டில் அதன் பெயர் குட்டி.

எர்வின்கூட ஆகஸ்டில் தோற்றுப்போனார். கூரையைத் திறந்தால் தலை இடிக்காது என்று அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. முட்டியை மோவாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய்வந்தார். தொப்பி பறந்துவிட்டது. "தொப்பி போனா போகுது, இன்னொரு ரவுண்டு போலாம்" என்றாராம். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரம் தின்ன அதில்தான் போனார்கள். இருபத்தைந்து வருஷப் பழைய இரும்பு இப்படி இரண்டு பேரை மாற்றும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. "மார்வ், மில் தெரு தண்டவாளத்துக்கு வா. குட்டிக்கு அடி." குரலில் நடுக்கம் இல்லை. நான் கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் கிளம்பினேன்.

நடந்தது இதுதான். பள்ளி பஸ் டிரைவர் தண்டவாளத்தைக் கண்டால் நின்றாக வேண்டும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் நிற்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். வலது கையைத் தூக்கினால் பிள்ளைகள் கப்சிப் ஆகிவிட வேண்டும். காது கொடுத்துக் கேட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் தாண்ட வேண்டும். எங்கள் ஊரில் ஏழு இடத்தில் தண்டவாளம் குறுக்கே வருகிறது. கிளெண்டா காலையும் மாலையுமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை நிற்கிறாள். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அதோடு, இப்போதைய பஸ்கள் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும்; அவள் முதன்முதலில் ஓட்டிய பஸ்ஸில் கையால் மாற்றுகிற கியர் கம்பி இருந்தது, இந்தக் காரிலும் இருக்கிறது. கம்பியைப் பிடித்ததும் பழைய கை வந்துவிட்டது.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கூரை திறந்திருந்தது. தண்டவாளத்துக்கு முன்னால் குட்டியை நிறுத்தினாள். இடது கையால் கதவைத் திறந்தாள். வலது கையைத் தூக்கினாள். வண்டியில் அவளைத் தவிர ஒரு ஈ கிடையாது. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது கேட்டது என்றும், ரயில் சத்தம் இல்லை என்றும், சரி போகலாம் என்று நினைத்தபோது பின்னால் பொடேரென்று இடித்தது என்றும் சொன்னாள்.

இடித்தவன் டாரில் ஹென்ஷா. கூரைத் தகடு விற்கிறவன், பெரிய பிக்கப் வண்டி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் ரோட்டில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். "ரயில் இல்ல, விளக்கு இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நடு ரோட்டுல நிறுத்திக் கதவத் தெறக்கறீங்க! யாருக்கும்மா கையத் தூக்குனீங்க? யாருக்கு?"

"பிள்ளைங்களுக்கு" என்றாள் கிளெண்டா.

"எந்தப் பிள்ளைங்க?"

குட்டியின் பின்பக்க பம்பர் மூன்று துண்டாகக் கிடந்தது. டிக்கி மூடி காகிதம் மாதிரி கசங்கியிருந்தது.

போலீஸ் இன்னும் வரவில்லை. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "மான்னு சொல்லு."

"என்ன?"

"மான் குறுக்க வந்துது, பிரேக் போட்டேன்னு சொல்லு. அக்டோபர் மாசம், இந்த ஊர்ல தினமும் மூணு மான் குறுக்க ஓடுது. ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

"எந்த மான் மார்வ்?"

"ஏதோ ஒரு மான்! அதோட பேரையா கேக்கப் போறாங்க? கிளெண்டா, காரணமே இல்லாம நின்னேன்னு எழுதிட்டா உன் பஸ் லைசென்ஸுக்கே வேட்டு. புரியுதா?"

டிரென்டைப் பார்த்த அதே பார்வையால் என்னைப் பார்த்தாள். "காரணம் இல்லாம யாரு நின்னா? தண்டவாளம் இருந்துது. நின்னேன்."

போலீஸ்காரரிடமும் அதையே சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ரயில் வந்துதா மேடம்?" என்று கேட்டார். வரவில்லை. "விளக்கு எரிஞ்சுதா?" எரியவில்லை. "அப்புறம் ஏன் நின்னீங்க?"

"ரயில் வரலன்னு நின்னு பாத்தாத்தானே சார் தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அப்படியே எழுதினார். யாருக்கும் அபராதச் சீட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கை திங்கட்கிழமையே பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் பள்ளி வட்டாரத்தில் ஒரு விதி உண்டு. டிரைவர் சொந்த வண்டியில் விபத்துப் பண்ணினாலும் விசாரணைக் குழு கூடும். அது முடியும்வரை பஸ்ஸைத் தொடக் கூடாது. கிளெண்டாவைப் போன் எடுக்கிற மேசையில் உட்காரவைத்தார்கள். பதினோராம் எண்ணை யாரோ மாற்று டிரைவர் ஓட்டினான். மூன்று நாளில் அந்தப் பிள்ளைகள் அவனை அழவிட்டார்கள்.

எங்கள் மேலாளர் பாய்ட் லான்ஸ், முன்னாள் டிரைவர், கெட்டவர் இல்லை. அவளைக் கூப்பிட்டுத் தன்மையாகவே சொன்னார். "கிளெண்டா, அந்தக் காரை வித்துடு. இனிமே இப்படி நடக்காதுன்னு ஒரு வரி எழுதிக் குடு. குழுவுல நான் பேசி ஃபைலை மூடிடறேன். திங்கக்கிழமை பஸ்ல ஏறிடலாம்."

அன்று சாயங்காலம் அவள் என் ஷெட்டுக்கு வந்தாள். காரை நான் வண்டி தூக்குகிற லிஃப்டில் ஏற்றி வைத்திருந்தேன். பழைய இரும்புக் கடையில் அதே ரகத்து டிக்கி மூடி ஒன்று அகப்பட்டிருந்தது. ஆனால் பச்சை. சிவப்புக் காருக்குப் பச்சை மூடி. அதைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காரின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பஸ்ஸை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மார்வ். இதை வித்துட்டா, நான் செஞ்சது தப்புன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் எங்க தப்புப் பண்ணேன்? சொல்லு."

"தப்பு இல்ல. ஆனா மான்னு சொல்லியிருக்கலாம்."

"நீ ஒண்ணு!" என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு மனசு கேட்கவில்லை.

வியாழக்கிழமை பஸ்கள் எல்லாம் திரும்பிய பிறகு தொடக்கப் பள்ளி நூலகத்தில் குழு கூடியது. பெரியவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். லான்ஸ் நடுவில். ஒரு பக்கம் பள்ளி வாரிய உறுப்பினர் திருமதி கொரின் ஆஷ்பா; மருந்துக்கடை வைத்திருப்பவர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். இன்னொரு பக்கம் டிரைவர்கள் சார்பில், ஏழாம் எண் பஸ்ஸின் டிரைவர் ஓட்டிஸ். குட்டியின் பிரேக் விளக்கு எரிந்ததா என்று சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எர்வின் வாசல் பக்கம் நின்றார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் நாற்காலி தாங்காது.

திருமதி ஆஷ்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "மிசஸ் வாஸ்கோ, உங்க மேல எனக்கு மதிப்பு உண்டு. என் மகளே உங்க பஸ்லதான் போனா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இனிமே சொந்தக் கார்ல போகும்போது தண்டவாளத்துல நிப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்னு சொன்னா அது பொய்யாயிடும் மேடம்."

"அப்போ மறுபடி யாராவது இடிப்பாங்களே!"

"இடிக்கலாம். ஆனா இதக் கேளுங்க. எனக்கு இருக்கிறது ஒரு ஜோடி கைதான். பஸ்ஸுக்கு ஒரு ஜோடி, காருக்கு ஒரு ஜோடின்னு கழட்டி மாட்ட முடியாது. கார்ல நிக்காதன்னு இந்தக் கைக்கு நான் சொல்லிக் குடுத்தேன்னு வைங்க. அது கத்துக்கும். நல்லாவே கத்துக்கும். அப்புறம் என்னிக்காவது ஒரு நாள், பனி கொட்டும்போது, பின்னாடி அம்பத்திரண்டு பேர் கத்தும்போது, பஸ்லயும் அது நிக்காமப் போகும். அந்த நாள் எதுன்னு யாரு சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

அவள் ஜாக்கெட் பையில் கையை விட்டுக் காரின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டுல ஒண்ணுன்னு நீங்க சொன்னா, காரை வித்துடறேன். அதுல எனக்கு எவ்வளவு ஆசைன்னு ஊருக்கே தெரியும். ஆனா நின்னது தப்புன்னு மட்டும் எழுதித் தர மாட்டேன்."

வாசலில் எர்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லான்ஸ் என் பக்கம் திரும்பினார். "மார்வ், பிரேக் விளக்கு?"

"ரெண்டும் எரிஞ்சுது. கதவு, பிரேக், எல்லாம் சரியா இருந்துது."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தச் சாவி மேசைமேல் கிடந்தது. எழுந்து நின்றேன்.

"சொல்லணும். நான் இந்த ஷெட்டுக்கு வந்த நாள்லேருந்து டிரைவர்ங்களோட சொந்த வண்டில ஒன்பது வண்டி மான் கேஸுன்னு எங்கிட்ட வந்துது. ஒன்பதுலயும் அடி பின்னாடி. ஒண்ணுலகூட ஒரு மான் முடிய நான் பாத்ததில்ல. நாலு வண்டி மில் தெருவுல. மூணு, தீவனக் கடைத் தண்டவாளத்துல. ரெண்டு, ஏரிக்கரை ரோட்டுத் தண்டவாளத்துல. எல்லாரும் இவ செஞ்சதையேதான் செஞ்சாங்க. கை தானா நிறுத்திடுச்சு. வெளில சொல்ல வெக்கம், வேலை போயிடும்னு பயம். மான்னு சொல்லுன்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக் குடுத்தவன் நான்தான். அந்த ஒரே மானை ஒன்பது பேருக்கும் வாடகைக்கு விட்டேன். இவளுக்கும் குடுத்தேன். இவ வாங்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஓட்டிஸ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது இரண்டும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது.

"யார் அந்த ஒன்பது பேர்?" என்றார் திருமதி ஆஷ்பா.

"அதச் சொல்ல மாட்டேன் மேடம். என்னை வேணா வேலைய விட்டுத் தூக்குங்க."

பாய்ட் லான்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டவில்லை. "பத்து" என்றார்.

"இல்ல பாய்ட், நான் எண்ணிப் பாத்தேன். ஒன்பதுதான்."

"பத்துடா. என்னோடத நீ பாக்கல. உனக்குத் தெரிஞ்சுடுமேன்னு வேற ஊர்ல கொண்டுபோய்ச் சரி பண்ணேன்."

முதலில் சிரித்தது ஓட்டிஸ். பிறகு கிளெண்டா. பிறகு எர்வினின் அந்த லாரிச் சிரிப்பு வாசலிலிருந்து வந்தது, ஜன்னல் அதிர்ந்தது. லான்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "கிளெண்டா, நான் உன்னை எழுதிக் குடுக்கச் சொன்னேன் பாரு, அத மன்னிச்சிடு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

திருமதி ஆஷ்பா சிரிக்கிற ரகம் இல்லை. அவர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "எல்லாம் சரி. பஸ் தண்டவாளத்துல நிக்கும்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியுது?"

"பஸ்ஸோட பின்னாடி எழுதியிருக்கு மேடம்" என்றான் ஓட்டிஸ். "இந்த வண்டி எல்லாத் தண்டவாளத்திலும் நிற்கும்னு."

"அப்போ அந்தக் கார்லயும் எழுத வேண்டியதுதானே! இதுக்கா ஒரு குழு கூட்டினீங்க?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருபத்திரண்டு வருஷமாக அந்த எழுத்தை பஸ் பஸ்ஸாக நான்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் மண்டையில் அது உதிக்கவே இல்லை.

லான்ஸ் படிவத்தில் "தவிர்த்திருக்க முடியாத விபத்து, டிரைவர் மேல் தவறில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டிஸும் போட்டான். திருமதி ஆஷ்பா முழுவதையும் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார். சாவியைக் கிளெண்டா பக்கம் தள்ளிவிட்டதும் அவர்தான்.

வெளியே வரும்போது கிளெண்டா என்னை நிறுத்தினாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "ஒன்பது பேரைப் பொய் சொல்ல வெச்சிருக்க. என்னையும் சொல்ல வைக்கப் பாத்த. வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு" என்றேன். நிஜமாகவே இருந்தது.

"இருக்கட்டும். நல்லது" என்று சொல்லி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அது இரண்டு நாள் வலித்தது.

சனிக்கிழமை எழுத்தை ஒட்டினேன். பஸ்ஸுக்கு ஒட்டுகிற அளவு அந்தக் காரின் அகலத்துக்கு அடங்கவில்லை. இரண்டு வரியாக வெட்டிப் பச்சை மூடிமேல் மஞ்சளில் ஒட்ட வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாக் கடை மாதிரி இருந்தது. கிளெண்டா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கோணலா இருக்கு" என்றாள். நான் கையிலிருந்த துணியைத் தரையில் வீசினேன். "அழகா இருக்கு" என்று உடனே மாற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிஸ் தன் காரைக் கொண்டுவந்தான். கூடவே இன்னும் மூன்று பேர். அவர்கள் யாரும் என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஐந்தாவதாக பாய்ட் லான்ஸின் பிக்கப் வந்து நின்றது. நான் எழுத்துச் சுருளை எடுத்துக்கொண்டு நேராக வண்டியின் பின்பக்கம் போனேன்.